டோக்கன் அக்கா சேர்த்த கூட்டம்

நசரத்பேட்டையிலிருந்து மாங்காடு வரைக்கும் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும், அங்கே தட்டுகிற கைகளில் பாதி டோக்கன் அக்கா அனுப்பியவை. தலைவர்கள் மாறினார்கள், கொடிகள் மாறின, கைகள் மட்டும் மாறவே இல்லை.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் அக்காவின் தொழில். வேனில் ஏறும்போது ஆளுக்கொரு பச்சை டோக்கன் கொடுப்பார். கடைசிவரை உட்கார்ந்திருந்தால் அதைக் காட்டிப் பிரியாணி வாங்கலாம். நடுவில் எழுந்தவர்களை ஒரே முறைப்பில் உட்காரவைப்பார். கக்கத்தில் நோட்டு, கொண்டையில் செருகிய பேனா. அந்தப் பேனாவுக்குத் தாசில்தார் கையெழுத்தைவிட மரியாதை அதிகம்.

நான் அவரிடம் போய் நின்றது படிப்புக்காக. அரசின் வயது வந்தோர் எழுத்தறிவுத் திட்டத்தில் நான் தன்னார்வ ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பதில்லை. அரசு புத்தகம் கொடுத்தது, தொடக்கப் பள்ளியில் மாலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பறையும் கொடுத்தது. ஆளை மட்டும் நான்தான் பிடிக்க வேண்டும். தேவை இருபது பேர். வந்தது ஆறு. அதில் ஒருவர் என் அம்மா. அவரையும் சண்டை போட்டுத்தான் இழுத்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் மேடம் வருகிறார், இருபது பேர் இல்லையென்றால் மையத்தை மூடிவிடுவார் என்று தகவல் வந்தது. அம்மா 'பூந்தமல்லி' என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். அந்த நிலையில் வகுப்பை விட முடியுமா?

"அக்கா, பதினாலு பேர் வேணும்."

"இன்னா கூட்டம்? கண்டனமா, பாராட்டா?"

"படிப்பு."

"அத்த யாரு எதுக்கறாங்க?"

"யாரும் எதிர்க்கலக்கா. உட்கார்ந்து படிக்கணும். பிரியாணி கிடையாது."

அக்கா என்னைக் காய்ச்சல் கண்டவளைப்போலப் பார்த்தார். "பிரியாணி இல்லாம உக்கார வெக்கணுமா? சரி, உன் மூஞ்சிக்கோசரம் செய்றேன். சொம்மா உக்காந்தா போதுமா, சவுண்டு உடணுமா?"

"மேடம் படிக்கச் சொன்னா படிக்கணும்."

"ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆளா எறக்கறேன். நீ ஊட்டுக்குப் போ டீச்சர்."

வெள்ளிக்கிழமை பதினான்கு பேர் வேனில் வந்து இறங்கினார்கள், கையில் பச்சை டோக்கனோடு. மேடம் நுழைந்ததும் பின் பெஞ்சிலிருந்து "வாழ்க!" என்று ஒரு குரல் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற அக்கா முறைத்ததும் அடங்கியது. மேடம் கரும்பலகையில் 'அ' எழுதினார். பலத்த கைதட்டல்.

மகிழ்ந்துபோன மேடம் முதல் பெஞ்சுக்காரரிடம் புத்தகத்தை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று பாடங்களை மூச்சுவிடாமல் வாசித்து, நான்காவது பாடத்தில் ஓர் அச்சுப்பிழையையும் சுட்டிக்காட்டினார்.

"எத்தனை நாளா இங்க வர்றீங்க?" என்றார் மேடம்.

"இப்பதான் மேடம், வேன்ல."

அம்மா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். "என்னக்கா இது, எல்லாரும் படிச்சவங்களா இருக்காங்க!"

"பின்ன? படிக்கிற எடத்துக்குத் தற்குறியவா இட்டாருவாங்க? அந்த மொத பெஞ்சு ஆளு ரிட்டயர்டு கிளார்க்கு. எம்மாங் கெஞ்சி இட்டாந்தேன் தெர்யுமா?"

"படிக்கத் தெரியாதவங்கதான்க்கா வேணும்!"

உள்ளே மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். "ஆறு பேருக்காக மையம் நடத்த முடியாதும்மா."

அக்கா வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் குரல் தாழ்ந்து அன்றுதான் கேட்டேன். "ஒரு நிமிசம் மேடம். தெர்யாத ஆளுதானே ஓணும்? நான் கீறேன்."

கக்கத்து நோட்டை மேசைமேல் பிரித்து வைத்தார். ஓர் எழுத்துகூட இல்லை. பக்கம் பக்கமாக, ஆளுக்கொரு கோடு. அவர் பேனாவுக்குப் பயந்த பதினான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை.

"இன்னும் பதிமூணு பேரு ஓணும். ஒரு வாரம் குடு மேடம். எவ எவ கண்ணாடிய ஊட்லயே மறந்துட்டேன்னு சொல்லிகினு கீறான்னு எனக்குத் தெர்யும். நானும் அதத்தான் சொல்லிகினு கீறேன்."

மேடம் பேனாவை மூடினார்.

"எனக்கே தெர்யாதுடி, வெக்கப்படாம வா" என்று வீடு வீடாகக் கூப்பிட்டு, ஆறாவது நாளே பதிமூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார் அக்கா. மாணவியாக அவர் மகா தொல்லை. வீட்டுப்பாடம் கொடுத்தால் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துவார். ஆனால், ஒருநாள்கூட நடுவில் எழுந்து போனதில்லை.

பரீட்சையன்று விடைத்தாளில் பெயர் எழுதவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். "சீக்கிரம்க்கா, கேள்வியெல்லாம் பாக்கி இருக்கு" என்றேன்.

"இரு டீச்சர். மொதல்ல இத்த ஷோக்கா எழுதிக்கிறேன்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால், இங்கே நான் எழுதப்போவதில்லை. அது அக்கா எழுதி நீங்கள் பார்க்க வேண்டியது.