பர்மிட் முதலாளியின் பன்னிரண்டாவது பங்குனி

நாய்க்குக்கூட எழுத்துமூலம் அனுமதி கொடுத்த மனிதர் திருப்பூரில் ஒருவர்தான். நான் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியின் உரிமையாளர். எங்கள் வீதிக்கு அவர் பர்மிட் முதலாளி.

அவருக்கு ஒரே பயம், பன்னிரண்டு வருடம். நம் இடத்தில் ஒருவர் நம்மைக் கேட்காமல் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால், அப்புறம் நாம் வழக்குப் போட முடியாது, இடம் அவருடையதாகிவிடும் என்று எந்த வக்கீலோ சொல்லிவிட்டார். நாமே அனுமதி கொடுத்ததாக எழுத்தில் இருந்தால் அந்தக் கணக்கு ஓடாது என்பதையும் அதே வக்கீல் சொல்லித் தொலைத்தார்.

அதிலிருந்து பர்மிட் மழைதான். மதில்மேல் லுங்கி காயப்போட்ட பீகார் டெய்லருக்கு இந்தியில் ஒன்று. கேட்டோரம் வண்டி நிறுத்தும் வேஸ்ட் துணி வியாபாரி பாய்க்கு ஒன்று. நாய்க்கு மட்டும் சுவரில் ஒட்டினார்: 'இந்நாய் எமது அனுமதியின் பேரில் படுத்துள்ளது.' வருடாவருடம் புதுப்பித்தார். நடுவில் நாய் மாறியபோது புதிய நாய்க்குத் தனியாக எழுதினார்.

இத்தனை பேருக்குக் கொடுத்தவர் ராசாத்தியக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் கம்பெனி காம்பவுண்டு மூலையில் யாரையும் கேட்காமல் தகரக் கூரை போட்டு இட்லிக் கடை, பின்னாலேயே குடித்தனம். ஒருநாள் என்னிடம் அழுதேவிட்டார்.

"நாய்க்குக்கூடக் குடுத்துட்டாரு. எனக்குக் குடுக்கலேன்னா, காலி பண்ணச் சொல்லப் போறாருன்னுதான அர்த்தம்?"

நான் போய்க் கேட்டேன். "மறந்துட்டனுங்க" என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மறந்திருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வழக்குப் போடுவதற்கான கெடுவை மாற்றும் யோசனை இருப்பதாகப் பேப்பரில் வந்தது. நிலத்துக்கான பன்னிரண்டு வருடத்தை நீட்டினாலும் நீட்டுவார்களாம். முதலாளி பேப்பரும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏனுங்க, இது எப்பங்க அமலுக்கு வரும்? பங்குனி தாண்டுமுங்களா?"

நீட்டினால் உங்களுக்கு நல்லதுதானே என்றேன், கொஞ்சம் கடுப்போடு. அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இட்லிக்கார அம்மிணிக்குப் பங்குனியோட பன்னெண்டு முடியுதுங்க. தானமா எழுதுனா எம் பசங்க ரெண்டு பேரும் உடமாட்டானுக. நான் மறந்துட்டேன்னா யாரு என்னங்க பண்ண முடியும்?"

பங்குனி முடிகிறவரை சட்டம் மாறவில்லை. சித்திரை முதல் நாள் காலையில் இட்லிக் கடைக்கு வந்தவர் உட்காராமல் நின்றார். கையில் எழுதாத பர்மிட் தாள்.

"அம்மிணி, உங்க பெஞ்சுல நான் உக்காரலாமுங்களா? எழுதிக் குடுத்தாத் தேவலைங்க."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் எழுதினேன், அக்கா கையெழுத்துப் போட்டார். முதலாளி அதை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே உட்கார்ந்தார். இந்த மனிதரையா இத்தனை நாள் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டே நானே அவருக்கு இலை போட்டேன்.

இன்றைக்கும் அவர் அங்கே இட்லி சாப்பிடுவது அந்த அனுமதியின் பேரில்தான். வருடாவருடம் நான்தான் புதுப்பித்துக் கொடுக்கிறேன்.