துருத்தி ரயன் செப்டம்பரில் போட்ட நன்றி விளம்பரம்

டிப்பரரி

மெல்போர்னில் இருக்கும் அன்புள்ள கான்செப்டா அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி டிம்ப்னா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் தம்பி மலக்கி கண்ணை மூடிய பிறகும் கெட்டிலில் இரண்டு பேருக்குத்தான் தண்ணீர் வைக்கிறேன்.

கல்லறைக் கல்லில் உங்கள் அப்பா இறந்த வருடத்தையும் வெட்ட வேண்டும், அது யாருக்கும் தெரியவில்லை. நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைக் கணினியில் தேடினேன். ரயன் என்று தட்டினால் மாவட்டமே வந்து நிற்கிறது. ரயன் வயலில் ரயன் மாடு மேய்ந்ததாக ரயன் போட்ட வழக்கு, சாட்சி ரயன், மாட்டைப் பிடித்த போலீஸ்காரரும் ரயன். நூலகத்து டோனல் சிரித்தான். “மிஸஸ் ரயன், பட்டப்பேரு சொல்லாம இங்க ஒண்ணும் நடக்காது. நீங்க எந்த ரயன்?” கூச்சத்தோடு “துருத்தி ரயன்” என்றேன். “அட, துருத்தி வீடா! நாங்க வாத்து ரயன்” என்றான் பெருமையாக. துருத்தி என்று தட்டினோம். உங்கள் அப்பா வரவில்லை அண்ணி, உங்கள் தம்பி வந்தார்.

“கேட்டது கிடைத்தது. புனித யூதா ததேயுவுக்கு நன்றி. பத்திரிகையில் போடுவதாக நேர்ந்தபடி. மலக்கி ரயன், துருத்தி.” புண்ணியம் வேறு ரயனுக்குப் போய்விடக்கூடாது என்று பட்டப்பெயரையும் போட்டிருக்கிறார். இந்த விளம்பரம் சில வருடம் இருக்கிறது, சில வருடம் இல்லை, ஆனால் எப்போதும் செப்டம்பர் தொடக்கம். டோனல் விளம்பரத்தை மட்டும் வெட்டி அச்செடுத்துக் கொடுத்தான். எல்லாரும் கை விரித்த காரியங்களுக்குத்தானே புனித யூதா? என்னிடம் கேட்காத எதை இந்த மனுஷன் அவரிடம் போய்க் கேட்டார்? துக்க வீட்டில் அந்தக் குவிர்க் வீட்டு விதவை, நான் கொடுத்த பன்றிக்கறி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே, “செப்டம்பர் வந்தாலே மலக்கி முகத்துல ஒரு களை வருமே” என்று அழுதாளே, அந்தக் களையை அவள் எதற்குப் பார்த்தாள்?

கல் வெட்டுகிற பில்லி வேறு அவசரப்படுத்துகிறார். “அவரு பேருக்குக் கீழ உங்க பேரையும் இப்பவே வெட்டிடவா?”

“நிறுத்துங்க. அந்தச் செப்டம்பர் யாருன்னு மொதல்ல தெரியட்டும்.”

“செப்டம்பரா? நான் ஈஸ்டருக்குள்ள முடிக்கலாம்னு பாத்தேனே!”

அவருக்கு விளையாட்டு. வேறொருத்தியை நினைத்திருந்தவர் பக்கத்தில் என் பெயர் காலத்துக்கும் கிடக்க வேண்டுமா, சொல்லுங்கள். உங்களை விட்டால் எனக்கு யார்? இந்தக் கோடையில் அவசியம் வாருங்கள். முன்னறை உங்களுக்குத்தான். நீங்கள் வந்தால் மலக்கி அதைக் காலிசெய்துவிட்டுக் கன்றுக் கொட்டகைக்குப் படுக்கப் போவாரே, இப்போது அந்தச் சிரமமும் இல்லை. கூட உட்கார்ந்து குவிர்க் விதவையை விசாரிப்போம். ஆண்டவர் உங்களைக் கைவிடாமல் காப்பாராக.

என்றும் உங்கள்,
டிம்ப்னா

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் மறுபடி நூலகம் போனேன். டோனல் இந்த முறை முழுப் பக்கத்தையும் காட்டினான். விளம்பரம் இருக்கிற பக்கத்திலெல்லாம் ஊர்ச் செய்தியும் இருக்கிறது: “தம்பி வீட்டில் கோடையைக் கழித்த திருமதி கான்செப்டா மெல்போர்ன் திரும்பினார். பயணம் இனிதாகுக.” பில்லியிடம் என் பெயரையும் வெட்டச் சொல்லிவிட்டேன், மலக்கிக்கு ஒட்டினாற்போல். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம் அண்ணி. யூதாவிடம் நானும் நேர்ந்திருக்கிறேன்.