பூட்டிய அறையிலிருந்து ஒரு திருத்தம்

எனக்குப் பயம் அதிகம். பல்லி, கரண்ட் கட், சீனியர் வக்கீலின் செருமல் எல்லாவற்றுக்கும் பாரபட்சமில்லாமல் பயப்படுவேன். (கல்யாணத்துக்குப் பிறகு பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது. இதை வீட்டில் படிப்பார்கள், விவரம் வேண்டாம்.) பயந்தவனுக்கு ஏற்றது பழைய பத்திரம் படிக்கிற வேலைதான் என்று நம்பி, காரைக்குடியில் அந்தச் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன்.

அவர் என்னிடம் தனியாக ஒப்படைத்த முதல் வேலை, கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு ஓட்டல்காரர் அதை வாங்க ஆசைப்பட்டார். வீட்டுக்குப் பங்காளிகள் முப்பத்தொரு பேர். சென்னை, மலேசியா என்று சிதறிக் கிடந்தார்கள். வீட்டை யார் கட்டினார், மாடியை யார் எழுப்பினார், யார் பங்கு யாருக்கு வந்தது என்று வேரிலிருந்து எழுத வேண்டும்.

"ஒரு பேரு விட்டுப்போச்சு, ஊருக்குப் போயி மாடு மேய்" என்றார் சீனியர். காளையார்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் நிஜமாகவே மாடு இருந்தது. அதனால் இதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு மாதம் பத்திரங்களோடு தூங்கி எழுந்தேன். அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் பெயரெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. கட்டிய வருஷம் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்துராக்கு அக்காவிடம் கேட்டேன்.

"படைப்பு ரூமு கதவு நெலைக்கு மேல எழுதியிருக்கும்பாக. நாளைக்குப் படைப்பு, பங்காளிக அம்புட்டுப் பேரும் வாராக. நீங்க அந்த ரூமுக்குள்ள மட்டும் போயிராதீக" என்றார் அக்கா.

படைப்பு என்றால், முன்னோர்களுக்குப் புதுத்துணி வைத்து, சமைத்துப் போட்டு, பெயர் சொல்லி அழைத்துக் கும்பிடுவது. மற்ற நாளில் அந்த அறையைத் திறக்க மாட்டார்கள். இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் நான் மாட்டோடு இருப்பேன்.

மறுநாள் காலையிலேயே போனேன். அக்கா அறையைக் கூட்டித் திறந்து போட்டுவிட்டு இலை வாங்கப் போயிருந்தார். திருட்டு முழியோடு, குனிந்த தலை நிமிராமல் உள்ளே நுழைந்தேன். ஒரு முக்காலியில் ஏறி, நிலைக்கு மேலே வண்டிச் சாவியால் சுரண்டினேன். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு மொத்தமும் என் தலையில் கொட்டியது. வருஷம் மட்டும் வரவில்லை.

அப்போது வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். அந்தத் தெருவில் சமீபத்தில்தான் இரண்டு தேக்குக் கதவுகள் களவு போயிருந்தன. ஆள் மட்டும் கிடைத்தால் என்ன செய்வோம் என்று ஊரில் பலரும் விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்து வணக்கம் சொல்லியிருக்கலாம். (அந்த யோசனை மறுவாரம்தான் வந்தது.) நான் கதவுக்குப் பின்னால் ஒண்டினேன்.

"கூட்டியாச்சுல்ல? படைக்கிற வரைக்கும் பூட்டி வைங்க" என்றது ஒரு குரல். பூட்டினார்கள்.

கும்மிருட்டு. சுவர் கனத்தில் போனில் டவர் இல்லை. செத்தவர்களுக்கான புதுவேட்டியும் சேலையும் இருந்த கூடை என் காலுக்குப் பக்கத்தில். காதில் ஏதோ ஊர்ந்தது. வியர்வையில் சுண்ணாம்பு குழைந்து முகமெல்லாம் பூசிக்கொண்டது. அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் வராமல் அழுதேன்.

இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் கதவுக்கு வெளியே கூடினார்கள். மூத்த பங்காளி ஒவ்வொரு பெயராக அழைத்தார். "வாங்க, சொக்கலிங்கம் ஐயா. வாங்க, சிதம்பரம் ஐயா..."

அழைப்பது என்னவோ வெளியே நின்று. அவர்கள் வந்து சேருவது நான் இருக்கிற அறைக்கு! ஒவ்வொரு பெயருக்கும் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டினேன். பயத்தை அடக்க, பெயர்களை என் பட்டியலோடு சரிபார்க்கத் தொடங்கினேன். சரி. சரி. சரி. அடுத்தவர் அருணாசலம், மாடியை எழுப்பியவர், பர்மாவில் பிள்ளையில்லாமல் இறந்தவர், பங்கு தம்பிகளுக்குப் போனது. மூத்தவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

இரண்டு மாதப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அருணாசலம் ஐயாவை விட்டுட்டீக!"

வெளியே ஒரு பித்தளைத் தட்டு விழுந்து வெகு நேரம் உருண்டது. யாரோ பூட்டைத் திறந்தார்கள். சூடத்தின் வெளிச்சத்தில், தலைமுதல் கால்வரை வெள்ளையாக நான். மூத்தவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அடிக்க வேண்டாம் என்று நானும் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

"ஏ ஆத்தீ! போயிராதீகன்னு சொன்னேன்ல?" என்று முத்துராக்கு அக்கா கத்திய பிறகுதான் நான் மனிதனானேன்.

விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. விற்க முதலில் சம்மதித்திருந்த, சென்னையில் பேங்க் வேலை பார்க்கும் ஆச்சிதான் (இங்கே நாற்பது வயதுப் பெண்ணும் ஆச்சிதான்) பேசினார்: "தம்பி யாராவும் இருக்கட்டும். மாடி கட்டுனவுகளையே மறந்துருக்கோமே. மறந்துட்டு வித்தா நல்லா இருக்குமா?" அவர் கண் கலங்கியிருந்தது. முப்பத்தொரு பேரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். நிலைக்கு மேலே, வெளிப்பக்கம், கட்டிய வருஷம் பச்சை வர்ணத்தில் பளிச்சென்று எழுதியிருந்தது.

"வீட்டுக்குப் பாத்தியப்பட்டவுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னா, செத்தவுகளை எழுப்பிவிட்டு வந்துருக்க" என்றார் சீனியர். பெயர் எதுவும் விட்டுப்போகவில்லை என்பதால் மாடு மேய்க்க அனுப்பவில்லை.

இப்போது ஒவ்வொரு படைப்புக்கும் எனக்கு அழைப்பு வருகிறது. பெயர்களைச் சொல்லி முடித்ததும் மூத்தவர், "வக்கீல் தம்பி, சரியா இருக்கா?" என்பார். வெளியேதான் உட்கார்ந்திருப்பேன், ஆனாலும் கதவு திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

என் மனைவிக்கு இந்தக் கதை போதவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவில் காதை வைக்கிறாள்.

"என்னத்தையும் விட்டுட்டமான்னு உள்ள இருந்து யாராச்சும் சொல்லுவாகள்ல, அதான்."