மூலாக்கினி கண்ட கமரா

கந்தசஷ்டி இரண்டாம் நாள் மாலை, திருகோணமலைத் துறைமுகத்துக் கொப்பறாக் கிட்டங்கியின் தீக்காவலர் யோகலிங்கம் வீட்டுக்குள் நுழைந்தபோது, கையில் ஒரு கமரா இருந்தது. சால்வைக்குள்ளே, இடுப்பு மடிப்பில், சுடச்சுட உளுந்து வடைகள் இருந்தன. கமராவை உலகம் அறியலாம். வடையை முருகப்பெருமான் ஒருவனே அறியலாம்.

பகலெல்லாம் பட்டினி, இரவில் மட்டும் பாலும் பழமும் என்று ஊரறியச் சங்கற்பம் செய்தவர் அவர். சூரன்போரன்று கோயிலில் புராணம் படிக்கும் பேறு, பழுதின்றி விரதம் காத்தவருக்கே என்று அதன் மணியகாரர் தவராசா அறுதியாகச் சொல்லியிருந்தார். அப்பேற்றுக்காக யோகலிங்கம் பத்தாண்டாய் ஏங்கியவர். ஆயினும் சந்திக் கடையின் எண்ணெய்ச் சட்டி அழைத்தபோது, சங்கற்பம் நடந்துகொண்டிருந்தது, கால்கள் நின்றுவிட்டன.

"இதென்ன, கலியாண வீட்டுக் கமராவோ?" என்றாள் மனைவி பூரணி. பிரஷர் குளிசை எடுப்பதால் அவளுக்கு இவ்வருடம் விரதமில்லை.

"விசர்க்கதை கதையாதையும்! இது சூட்டைப் பாக்கிற கமரா. வெளிநாட்டுக் கொம்பனி பரீட்சைக்குத் தந்தது. கொப்பறா மூட்டை உள்ளுக்குள்ள கொதிச்சுத்தான் நெருப்புப் பிடிக்கும். புகை வர முந்தியே, எட்ட நிண்டு இது காட்டிக் குடுத்திடும். சூடு எங்கையோ, அங்கை வெள்ளை."

"துணியால மூடி வைச்சால்?"

"துணியும் சூடேறுமெல்லோ! இதுக்கு ஒளிக்க ஏலாது!"

தம் வாயாலேயே தமக்குக் குழி வெட்டியதை அவர் உணருமுன் பூரணி கமராவை வாங்கிவிட்டாள். அடுப்பைப் பார்த்தாள், வெள்ளை. தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள், கறுப்பு. பிறகு மெல்லத் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட முகம் சாம்பல். இடுப்பிலை மட்டும் பூசணிக்காயளவு வெள்ளை எரியுது!"

வடை தொப்புளைச் சுட்டது. கற்ற சாத்திரமெல்லாம் ஓடிவந்து கைகொடுத்தது.

"அது... மூலாக்கினி. விரத வலிமையாலை மூலாதாரத்திலை கனல் எழும்பியிருக்கு. யோகியருக்கு வாறது."

பூரணி சிரிக்கவில்லை. கமராவைக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டாள். அடுத்த கணம் வேலியோரம் நின்றாள்.

"தவராசா அண்ணை! ஓடி வாங்கோ! இவருக்கு மூலாக்கினி எழும்பியிட்டுது!"

அடுத்த வீட்டு மணியகாரர் ஓடிவந்து கமராவுக்குள் பார்த்தார். கைகள் தாமாகவே தலைக்குமேல் குவிந்தன.

"முருகா! தம்பி, புராணக் கதிரை உமக்குத்தான். இனி ஆரும் கேள்வி கேக்க ஏலாது."

வயிறு வெந்தாலும் யோகலிங்கத்தின் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர் நிலைக்கவில்லை.

"அண்ணை," என்றாள் பூரணி பணிவோடு, "இப்பிடிக் கனல் எழும்பினவை ராவிலை பால்பழம் எடுக்கலாமோ?"

"சிவசிவா! கனல் அணைஞ்சு போம். சூரன்போர் முடியுமட்டும் மிளகும் தண்ணியும்தான்."

"கேட்டியளோ? ஏலுமெல்லோ? ஏலாதெண்டால் சால்வையைக் கழட்டிக் கொஞ்சம் காத்து வாங்குங்கோவன்."

யோகலிங்கம் சால்வையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"ஓம்... ஏலும்."

மணியகாரர் மெய்சிலிர்த்துப் போனார். அவர் வெளியேறிப் படலை சாத்திய சத்தம் கேட்டதும் பூரணி குசினிக்குள் சென்று, கோப்பையும் செத்தல் மிளகாய்ச் சம்பலுமாகத் திரும்பி, கதிரையில் சாவகாசமாய் அமர்ந்து கையை நீட்டினாள்.

"தாங்கோ உங்கட மூலாக்கினியை, ஆறினால் நல்லாயிராது."