பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்

மாமியாரைத் தடுக்க பௌதிக சாஸ்திரம் ஒன்றே போதும் என்று வெங்கிட்டு தீர்மானித்துவிட்டார். மட்டாஞ்சேரியில் இவ்வளவு பெரிய தீர்மானத்தை இதுவரை யாரும் எடுத்ததில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

எர்ணாகுளத்தில் மகன் வீட்டில் இருந்த மாமியார், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். ஆட்டோ என்றால் முதுகு வலிக்குமாம். பஸ் என்றால் மூச்சு முட்டுமாம். மாப்பிள்ளையின் கார் வந்தால்தான் கிளம்புவாளாம். அது 1926-ஆம் வருஷத்துக் கார். வெங்கிட்டுவுக்கு உயிர். அதே ஞாயிறு எர்ணாகுளத்தில் பழைய கார்களின் கூட்டம் வேறு. தனியாக ஜம்மென்று போய்வர அவர் ஆசைப்பட்டிருந்தார்.

"விசாலம், இந்த வண்டிக்குப் பின் சக்கரத்துல மட்டுந்தான் பிரேக்காக்கும். நான் ஒத்தன் போனா நிக்கும். பின்னாடி ஆள் ஏறினா வெயிட் கூடும், நிக்காது. அம்மாவுக்கு ஏதாவது ஆனா நான் என்ன ஜவாப் சொல்றது?"

மனைவி விசாலாக்ஷி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அப்படியா? ஓட்டிக் காட்டுங்கோ."

மறுநாள் காலை, லாரிகள் வருவதற்கு முன், அரிசிக் கிடங்குத் தெருவில் பரீட்சை. விசாலாக்ஷி கோலமாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கோட்டைத் தொட்டதும் பிரேக் மிதிக்க வேண்டும். அடுத்த வீட்டு ராசப்பனும் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். அதற்கு நாலு சக்கரத்திலும் பிரேக். கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சமர்த்தாக நின்றது.

அடுத்து வெங்கிட்டு, தனியாக, அதே வேகத்தில். மிதித்தார். பின் சக்கரங்கள் நின்றுவிட்டன, கார் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே ராசப்பனின் காரைத் தாண்டி, சாயாக்கடையையும் தாண்டிப் போயிற்று.

"அய்யோ, சாரே!" என்றார் ராசப்பன்.

"தெருவுல ஈரம்" என்றார் வெங்கிட்டு.

"இப்போ நான் ஏறிக்கறேன்" என்று விசாலாக்ஷி பின் சீட்டில் உட்கார்ந்தாள். இனி தெருக்கோடிப் படகுத்துறையில்தான் போய் நிற்கும் என்று அவருக்கு உள்ளூரக் குஷி. மிதித்தார். சாயாக்கடைக்கு வெகு முன்பே நின்றுவிட்டது.

வெங்கிட்டுவுக்குத் தலை சுற்றியது. இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி தனியாக ஓட்டினார், சறுக்கியது. அவளை ஏற்றி ஓட்டினார், நின்றது.

"வெயிட் கூடினா எப்படி விசாலம் நிக்கும்? ஒண்ணும் புரியலையே!"

"இத்தனை வருஷமா பின்னாடி உக்காந்துண்டு வரேன், எனக்குத் தெரியாதா? பிரேக் போட்டா முன்பக்கம் குனியறது, பின்பக்கம் தூக்கறது. தூக்கின சக்கரத்தைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்? பின்னாடி பாரம் இருந்தாத்தான் ரோட்டைப் பிடிக்கும்."

வெங்கிட்டு குழம்பினார். தவித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பாரந்தானே வேணும்? ஆளே வேண்டாமே! ஞாயித்துக்கிழமை ரெண்டு அரிசி மூட்டையைப் போட்டுண்டு கூட்டத்துக்குப் போறேன்!"

"பேஷாப் போங்கோ. எர்ணாகுளத்துல அண்ணா ஆத்துல அரிசி தீர்ந்துபோச்சாம். மூட்டையை அங்க இறக்கிடறேளா?"

"ஓ, இறக்கிட்டாப் போச்சு!" ஜெயித்த உற்சாகத்தில் அவர் எதையும் மறுக்கும் நிலையில் இல்லை.

"சத்தியமா?"

"சத்தியமா!"

"வரச்சே காலி வண்டியா வரப்படாது, ஆபத்தாக்கும். அம்மாவைப் பின்னாடி உக்காத்தி வெச்சுண்டு வந்துடுங்கோ."