டிரைவ் அண்ணாச்சி நேராக்கிய கோணல்

மணிமுத்தாறு அணை நிரம்பினாலும் வறண்டாலும், டிரைவ் அண்ணாச்சியின் தலைக்கனம் மட்டும் எப்போதும் முழுக் கொள்ளளவில் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், வண்ணார்பேட்டை மாடியறை ஒன்றில், பழைய கம்ப்யூட்டர்களின் ஃபிளாப்பி டிரைவுகளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மானிட்டரைக் கொண்டுபோனால், "நான் என்ன டிவி ரிப்பேர்காரனா வே?" என்று படியிலேயே திருப்பி அனுப்புவார். வள்ளியூரிலிருந்து கீபோர்டோடு பஸ் ஏறி வந்த ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஓடும் டிரைவில் காதை வைத்துக் கேட்பார். அந்த நேரம் தும்மியவர் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைய முடியாது.

அவரிடம் நான் போய்ச் சிக்கியதற்குக் காரணம் ஆயுத பூஜை. ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. என் மகள் தன் கல்லூரிக் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் முழுவதையும் அதில்தான் எழுதி ஃபிளாப்பியில் வைத்திருந்தாள். எனக்குப் பக்தி முற்றி, டிரைவின் வாயில் குழைத்த சந்தனத்தை அப்பிவிட்டேன். மறுநாள், மிக்ஸியில் கல் அகப்பட்டதுபோல் அது கத்தியது. சந்தனத்தைத் துடைத்துத் தரச் சொல்லி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

"சாமி படத்துக்கு வச்சது சரி. டிரைவுக்கு வாயிலயா ஊட்டுவீரு? படிச்ச மனுசன்தானவே நீரு?"

இரண்டு நாளில் டிரைவ் பளபளவென்று திரும்பி வந்தது. ஃபிளாப்பியைப் போட்டோம். வாசிக்கவில்லை. மகள் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிரதி வைத்திருந்தாள். அதே டிரைவில் எடுத்த பிரதி. அதையும் வாசிக்கவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். அவள் அழவில்லை, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் டிரைவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மாடியேறினேன்.

"ஃபிளாப்பில எழுதி வாசிக்கிற ஹெட்டு கோணலா இருந்துச்சு. நேராக்கிட்டேன்லா," என்றார் பெருமையாக. "கோணல் ஹெட்டு எழுதினத நேரான ஹெட்டு எப்படி வாசிக்கும்?"

"சந்தனத்தத் தொடைக்கத்தானே சொன்னேன்! உங்கள யாரு நேராக்கச் சொன்னா?"

"கோணலப் பாத்துட்டுச் சும்மா விட நான் என்ன உம்மள மாதிரியா?"

"அப்போ திரும்பக் கோணலாக்குங்க."

கெட்ட வார்த்தை கேட்டவர்போல் எழுந்தார். "இந்தக் கையால ஒரு டிரைவையும் கெடுத்ததில்ல வே. போவும்!"

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "மாமா, திங்கக்கெழம கொடுக்கலன்னா எனக்கு ஒரு வருசம் போயிரும்."

அவர் திரும்ப உட்கார்ந்து டிரைவைப் பிரித்தார். ஸ்க்ரூவைத் தளர்த்தினார். ஹெட்டை மயிரிழை நகர்த்தி ஃபிளாப்பியைப் போட்டார். வாசிக்கவில்லை. இன்னொரு மயிரிழை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. ஒவ்வொரு தடவை தவறும்போதும் என்னை, என் படிப்பை, என் சந்தனத்தைத் திட்டினார். டிரைவிடம் மட்டும், "பைய, பைய," என்று கெஞ்சினார்.

நாலு மணிக்குத் திரையில் எழுத்துகள் வரிவரியாக இறங்கின. உடனே பக்கத்தில் இருந்த நல்ல டிரைவில் புது ஃபிளாப்பியைப் போட்டு நகல் எடுத்தார்.

மகள் சிரிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். அந்த மூஞ்சியில் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் இன்னொரு நாள் முழுக்க என்னைத் திட்டியிருந்தாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.