வறட்சி வரிசையில் ஈரம்

செங்கல்பட்டு,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய ஜெய்புன்னிசா அக்கா அவர்களுக்கு, தம்பி அப்துல் கையூம் ஸலாம் சொல்லி எழுதுவது. கோவளத்தில் தாங்களும் மச்சானும் இந்த ரமலானில் நோன்பும் தொழுகையுமாக நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். மச்சானின் மூட்டுவலிக்கு நான் சொன்ன தைலத்தை டாக்டரைக் கேட்டுவிட்டுத் தடவவும். இந்த வீட்டிலேயே என் பேச்சுக்கு இப்போது மதிப்பு இல்லை. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வந்தது, எழுதவில்லை. எங்கள் சுகத்தில் பெரும்பகுதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

போன் செய்யாமல் கடிதம் ஏன் என்று கேட்பீர்கள். போன் செய்தால் என் அருமை மகள் அர்வாதான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும், "மாமி தொழுகையில இருக்காங்க" என்று வைத்துவிடுகிறாள். நேற்று நான் கூப்பிட்ட நேரமெல்லாம் நீங்கள் தொழுகையில் இருந்தீர்கள். இவ்வளவு வணக்கசாலி என் அக்கா என்று எனக்கு இத்தனை வயசில்தான் தெரிகிறது. போகட்டும். கருங்குழி போஸ்ட் ஆபீசில் காலமெல்லாம் முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவனுக்குக் கடிதம்தான் கைவந்த கலை. அதில் யாரும் குறுக்கே பேச முடியாது. அவள் தன் பக்கத்தை உங்களிடம் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறகு என்னைத் திட்டுங்கள்.

அவளுடைய ஆராய்ச்சி நிலவேம்பு பற்றி. காய்ச்சலுக்குக் கசாயம் வைப்போமே, அதேதான். தண்ணீர் இல்லாமல் தவிக்கிற நிலவேம்பில் மருந்துச் சத்து கூடும் என்று நிரூபித்தால் அவள் டாக்டர் அர்வா. அதற்காக யுனிவர்சிட்டியில் பச்சை வலை போட்ட கொட்டகைக்குள் தொட்டி தொட்டியாக வளர்த்து வைத்திருந்தாள். டிசம்பர் புயலில் அந்தக் கொட்டகை பறந்துபோய், மராமத்து செய்ய இன்னும் அனுமதி வரவில்லை. அவளுடைய கைடு ஹெலன் மேடம், "வீட்டு மாடி இருக்கா? எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து நம் மொட்டைமாடியில் இறக்கினோம். டிரைவர், "இன்னா பெரியவரே, ஊருக்கே கசாயம் காச்சப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கிழக்குப் பக்கம் தண்ணி வரிசை, மேற்குப் பக்கம் வறட்சி வரிசை. தண்ணி வரிசைக்குத் தினமும் காலையில் அவளே ஊற்றுவாள். வறட்சி வரிசைக்கு எப்போதாவது அளந்து கொஞ்சம். "அத்தா, இந்தப் பக்கம் நீங்க பார்க்கவே கூடாது" என்று எனக்குத் தனியாக உத்தரவு. பார்க்கவே கூடாதாம். அதை விட்டால் மாடியில் பார்க்க எனக்கு வேறு என்ன இருக்கிறது, டிஷ் ஆன்டெனாதானே!

அப்புறம் நோன்பு வந்தது. இந்த வருஷ வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்காவது கடற்காற்று இருக்கிறது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் மாடிக்குப் போவேன். நோன்பு திறப்பதும் மாடியில்தான். அங்கே போனால் அந்த மேற்கு வரிசை. இலையெல்லாம் தொங்கி, பரீட்சையில் பெயிலான பிள்ளைகள் மாதிரி நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசியாக ஒன்று, சின்னது, அது தலையைத் தரையிலேயே போட்டுவிட்டது. நான் பார்க்கவில்லை அக்கா. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் எஞ்சினியரிங் வேறு. மறைமலைநகர்ப் பையன் தேஜஸ், அதே யுனிவர்சிட்டியில் அவனும் ஆராய்ச்சி. தொட்டி மண்ணில் கம்பியைச் சொருகி வைத்தால் எவ்வளவு ஈரம் என்று அர்வாவின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறான். அந்தப் பெட்டிதான் அவனுக்கும் பட்டம் வாங்கித் தர வேண்டிய பெட்டி. பாதி நோன்பு போன பிறகு பார்த்தால் வறட்சி வரிசை நிமிர்ந்து, தளதளவென்று, தண்ணி வரிசையைவிடப் பச்சையாக நிற்கிறது! இலையைக் கொண்டுபோய் சோதித்தால் சத்து கூடவே இல்லை. நானும் உதவியாக இருக்கட்டும் என்று நோன்பு திறந்த பிறகு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு இலை மென்று பார்த்தேன். இரண்டும் ஒரே கசப்பு. அன்றைக்கு எனக்குத் தராவீஹ் தொழுகை முழுக்க வாய் கசந்தது. ஹெலன் மேடம் அர்வாவைக் கூப்பிட்டு, "மூணு வருஷமா என்ன பண்ணே?" என்று கேட்டாராம். பிள்ளை வந்து, விடியுமுன் சஹருக்குக்கூடச் சாப்பிடாமலே நோன்பு வைத்தாள்.

பழி முதலில் தேஜஸ் மேல் விழுந்தது. பாவம், பெட்டியைக் கழற்றி மாட்டுவதும் திரும்பக் கழற்றுவதுமாகக் கிடந்தான். "அங்கிள், இந்தப் பொட்டி ரொம்ப பேஜார் பண்ணுது. சொல்லி வெச்ச மாதிரி சாயங்காலமானா ஈரம் காட்டிக்கினு கீது. எங்க சாரு என்னை வறுத்து எடுக்குறாரு" என்றான். ஒரு நாள் மாடியிலேயே உட்கார்ந்திருந்தவன், நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் சைரன் ஊதியதும் துள்ளி எழுந்தான். "புடிச்சிட்டேன் அங்கிள்! இந்த சைரன் சத்தத்துல கம்பி ஆடுது. பொட்டி அதை ஈரம்னு நெனச்சுக்குது!" என்றான். நானும், "இருக்கும்பா, இந்த வருஷம் சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றேன். படித்த பிள்ளை சொல்வதை மறுக்க நான் யார்? மறுநாள் தெர்மோகோல் வாங்கி வந்து பெட்டியைச் சுற்றி ஒட்டினான். சத்தம் உள்ளே போகாதாம். அர்வாவின் அம்மாவிடம் சொல்லி அவனுக்கு ஒரு வாரம் சமோசாவும் கஞ்சியும் கொடுத்தனுப்பினேன். ஏன் இவ்வளவு கவனிப்பு என்று அவள் கேட்டாள். ஏழைப் பிள்ளை என்றேன். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறதாம்.

கடைசியில் அர்வாதான் பிடித்தாள். அடுக்களைச் சுவரில் ஜவுளிக்கடைக்காரன் கொடுத்த நோன்பு நேர அட்டை தொங்குகிறதே, அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோன்பு திறக்கிற நேரமும் மண் நனைகிற நேரமும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே போகின்றன. திரும்பி என்னைப் பார்த்து, "அத்தா, அந்த நேரத்துல மாடியில யாரு இருக்காங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை அக்கா, மெதுவாகத்தான் கேட்டாள். அதுதான் பயமாகப் போச்சு. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழ் போர்ஷனுக்கு இறங்கிவிட்டேன்.

கீழ் போர்ஷனில் ரோஹித் என்று ஒருத்தன் குடியிருக்கிறான். அவனும் அதே யுனிவர்சிட்டி. அவன் ஆராய்ச்சி அரசியல் பேச்சைப் பற்றி. தலைவர்கள் மாட்டிக்கொண்டால் எப்படி அறிக்கை விடுகிறார்கள் என்பதைப் பிரித்து மேய்கிறான். விடிந்ததிலிருந்து ஒரே மேடைப் பேச்சாகப் போட்டுக் கேட்பான். கட்சி ஆபீஸ் என்று நினைத்து ஒரு அம்மா முதியோர் பென்ஷன் மனுவோடு வந்து நம் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படிப்பட்டவனிடம் போய், "தம்பி, தப்பைச் சொல்லணும், ஆனா நான் செஞ்ச மாதிரி இருக்கக் கூடாது" என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அங்கிள், கவலையே வாணாம். என் தீசிஸே அதான்!" என்று எழுதித் தந்தான். அன்றைக்கு நோன்பு திறந்ததும் அவள் முன்னால் நின்று வாசித்தேன்:

"மொட்டைமாடியின் மேற்குப் பகுதியில் ஈரம் நிலவியதாகச் சொல்லப்படும் செய்தி என் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. அதனால் எவர் மனமேனும் புண்பட்டிருக்குமானால், அவ்வாறு புண்பட நேர்ந்தமைக்காக வருந்துகிறேன். எனது சொம்பின் நடவடிக்கைகள் திட்டமிட்டுத் திரிக்கப்பட்டுள்ளன. வளர்ச்சியைப் பொறுக்காதவர்களே பசுமையைக் குறை கூறுகிறார்கள்."

அர்வா பேரீச்சம்பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "நீங்க தண்ணி ஊத்தியிருந்தாக்கூட எனக்குப் புரியும் அத்தா. எனக்கு அறிக்கை வாசிச்சீங்க பாருங்க!" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு பெட்டியைக் கட்டினாள். மறுநாள் காலையில் கோவளத்துக்கு வந்துவிட்டாள். ரோஹித் ஓடி வந்து, "எந்த வரில அங்கிள் கோவம் வந்துச்சு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். அவனுக்கு அது டேட்டாவாம்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லணும். மஃரிப் தொழுகைக்கு நான் ஒளு செய்வது மாடிக் குழாயில். கை, முகம், கால் கழுவின தண்ணி எங்கே போகும்? கொத்தனார் மாடிக்கு வாட்டம் விட்டது மேற்குப் பக்கம். தண்ணி அந்தப் பக்கம் ஓடுது, தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்குது, அது உறிஞ்சிக்குது. இதுல என் தப்பு எங்க இருக்கு? ஒளு செய்யாம தொழ முடியுமா? கொத்தனாரைப் போய்க் கேக்கச் சொல்லுங்க.

அதோடு, கெட்டதிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. அர்வா அவள் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாளாம், எனக்கில்லை. யுனிவர்சிட்டியில் வேதியியல் பேராசிரியர் பெஞ்சமின் சார் தொட்டி மண்ணையெல்லாம் மெஷினில் விட்டுப் பார்த்ததில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கடைசித் தொட்டியில் மட்டும் கந்தகம் கலந்த ஏதோ ஒரு பொருள் இருக்கிறதாம். நிலவேம்பில் இதுவரை யாருமே பார்த்ததில்லையாம். தவிக்கிற செடி வேர் வழியாகச் சுரக்கிறது என்கிறார். ஹெலன் மேடம் பழசையெல்லாம் மறந்து, இது ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டாராம். மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை நடக்கிற கருத்தரங்கில் அர்வா மேடையேறி இதைச் சொல்லப் போகிறாள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். ஆக, என் ஒளுத் தண்ணியால் யாரும் கெட்டுப்போகவில்லை. இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லி, பெருநாளைக்காவது வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அவள் இல்லாத வீட்டில் நோன்பு திறக்கத் தண்ணி தொண்டையில் இறங்கவில்லை அக்கா.

மச்சானுக்கு என் ஸலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்று, எல்லாருடைய கோபத்தையும் குறைத்து, முக்கியமாக ஒருத்தியுடைய கோபத்தைக் குறைத்து, எல்லாருக்கும் நல்லருள் புரிவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
அப்துல் கையூம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிட்டுத் திரும்பப் பிரிச்சேன். மேலே எழுதினதெல்லாம் பொய் அக்கா. கிழிச்சுப் போட்டுடுங்க. கொத்தனார் மேல பழி இல்ல, அவர் வாட்டம் விட்டது கிழக்குப் பக்கம். நான் ஒளு செய்யறது எப்பவும் கீழ பாத்ரூம்லதான்.

நான்தான் ஊத்தினேன். தினமும் சைரன் ஊதினதும் என் வாயில ஒரு மடக்கு, அப்புறம் சொம்பைத் தூக்கிக்கிட்டு அந்த வரிசைக்கு. நானும் நாளெல்லாம் தாகமா கிடந்தவன், அதுங்களும் தாகமா கிடந்துச்சுங்க. எனக்கு சைரன் ஊதுது, அதுங்களுக்கு எந்த சைரன் ஊதும்? என்னால தனியா நோன்பு திறக்க முடியல. தேஜஸ் தெர்மோகோல் ஒட்டும்போது நான் பக்கத்துல நின்னு டேப் வெட்டிக் கொடுத்தேன். அவன் பொட்டி ஒரு நாள்கூடப் பொய் சொல்லல, சொன்னதெல்லாம் நான்தான்.

இன்னொண்ணு. அந்தக் கடைசித் தொட்டிச் சின்னச் செடிக்கு ஒரு நாள் தண்ணி ஊத்தியும் தலை நிமிரல. வெறும் வயித்துக்கு வெறும் தண்ணி எப்படிப் போதும்னு பள்ளிவாசல்ல கொடுத்த நோன்புக் கஞ்சியை ஒரு கிண்ணம் ஊத்தினேன். நம்ம பள்ளிவாசல் கஞ்சியில பூண்டு எவ்வளவு தட்டிப் போடறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பூண்டு வாசனையே கந்தகம்தானாம், பெஞ்சமின் சார் மெஷின்ல கண்டுபிடிச்சது அதுதான்க்கா. வேரும் சுரக்கல, ஒண்ணும் சுரக்கல. அத்தனை பேர் முன்னாடி என் பிள்ளை மேடையேறி நம்ம பள்ளிவாசல் கஞ்சியை விளக்கக் கூடாது. அவ ஆராய்ச்சி திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னாலும் சரி, என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொன்னாலும் சரி, சனிக்கிழமைக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சாகணும்.

இதைத் தபால்ல போட்டா சனிக்கிழமைக்குள்ள வராது. போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவன் நானே சொல்றேன். நானே எடுத்துக்கிட்டு வர்றேன். நாளைக்கு ஜும்ஆ முடிச்சு திருப்போரூர் பஸ் ஏறினா நோன்பு திறக்கிற நேரத்துக்கு உங்க வாசல்ல இருப்பேன். இந்தக் கவரை முதல்ல உங்க கையில நீட்டிடுவேன், படிச்சிடுங்க. அறிக்கை எதுவும் கையில இருக்காது. நான்தாம்மான்னு மட்டும் சொல்லுவேன். அவ கதவைத் திறக்க மாட்டேன்னு சொன்னா நீங்க ஒண்ணும் வாதாட வேண்டாம். அத்தா வெளிய தாகத்தோட நிக்கிறாருன்னு மட்டும் சொல்லிட்டுப் பேசாம இருங்க. சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா. என் பிள்ளைதானே.